தரார் கடற்கரையில் அம்மா

விடுதியின் விளம்பரப் பக்கத்தில் கடைசிக்கு முந்தைய வரியில் அது இருந்தது. கொசுவலை உண்டு, சின்னச் சமையலறை உண்டு, தொலைக்காட்சி கிடையாது, அப்புறம், தரார் கடற்கரை நடந்து போகும் தூரம், அங்கே ஆடையின்றிக் குளிக்கலாம். என் மனைவிதான் முதலில் பார்த்தாள். திரையை என் பக்கம் திருப்பிவிட்டு ஒன்றும் சொல்லாமல் சிரித்தாள். பாரிஸ் புறநகரில் பிறந்து வளர்ந்தவள், அவளுக்கு இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. எங்களோடு வரப்போவது எழுபத்தொரு வயது அம்மா. காரைக்காலிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அப்பா போன பிறகு அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று கூட்டி வந்து, நான்காவது மாடியில் இரண்டு அறைக்குள் உட்கார வைத்திருந்தோம். குளிர்காலம் முழுக்க ஜன்னலோரமாக உட்கார்ந்து கீழே போகும் டிராம் வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஏப்ரல் விடுமுறையில் எங்காவது கடல் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பது மனைவியின் யோசனை.

அம்மாவிடம் தராரைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லாமலே ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் கணக்கு. நடந்து போகும் தூரம் என்றால் நடக்காமல் இருந்தால் சரி.

பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் ஏறினால் எட்டரை மணி நேரம். நாங்கள் போன குவாதலூப், கரீபியக் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான தீவு, வரைபடத்தில் ஒரு பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். இரண்டு சிறகுகள் இரண்டு தீவுகள், நடுவில் ஒரு மெல்லிய உப்பாறு. கிழக்குச் சிறகின் நுனியில் சேன் பிரான்சுவா என்ற ஊர், அதைத் தாண்டினால் கடலுக்குள் விரல் நீட்டியது போல ஒரு குறுகிய நிலம், அதன் முனைக்குப் பெயர் புவாந்த் தே ஷத்தோ. எங்கள் விடுதி அந்த விரலின் மேல் இருந்தது. விடுதி என்றால் எட்டு மரக்குடில்கள், ஒரு தொட்டி நீச்சல் குளம், கட்டிப்போடாத இரண்டு நாய்கள். அமைதிக்குக் குறைவில்லை. ராத்திரியில் தவளைகளின் சத்தம் மட்டும்தான். சின்னச் சின்ன மரத்தவளைகள், மணி அடிப்பது போலக் கத்துகின்றன. அம்மா அதைக் கேட்டுவிட்டு, "மழை வரப்போவுது" என்றார். வரவில்லை. பாரிஸுக்கும் இங்கேயும் ஆறு மணி நேர வித்தியாசம். அம்மாவின் உடம்பு அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. தினமும் மூன்று மணிக்கு எழுந்து, இருட்டில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து விடியலுக்குக் காத்திருந்தார்.

கணக்கைக் கெடுத்தது பாசி. விடுதிக்கு எதிரே தெற்குப் பக்கக் கடலில் சர்காஸ் என்கிற பழுப்புப் பாசி வந்து குவிந்திருந்தது. 2011 முதல் இந்தத் தீவுகளுக்கு இது ஒரு புதுத் தலைவலி. அட்லாண்டிக்கில் மிதந்து வருவது கரையில் முழங்கால் உயரத்துக்கு ஏறி, அழுக ஆரம்பித்ததும் கூமுட்டை நாற்றம் எடுக்கிறது. விடுதிக்காரர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்களே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இருந்தார்கள். இரண்டு நாள் கார் எடுத்துக்கொண்டு ஊர்ப்பக்கம் போனோம். மூன்றாம் நாள் அம்மா கேட்டார், "இந்த மண்ணு ரெண்டு பக்கமும் கடலுதானே, அந்தப் பக்கம் எப்படியிருக்கு?" தெரியாது என்றேன். எனக்குத் தெரியும். வடக்குப் பக்கம் தெளிந்த தண்ணீர். வடக்குப் பக்கம்தான் தரார்.

சந்தையில் கைலி

ஊர்ப்பக்கம் போன கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சேன் பிரான்சுவா கடைத்தெருவில் கால் வைத்த முதல் நிமிடமே அம்மா நின்றுவிட்டார். மசாலாப் பொடியும் ரம் பாட்டிலும் விற்றுக்கொண்டிருந்த பெண்கள் தலையில் கட்டியிருந்த துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சளும் சிவப்பும் பச்சையும் கலந்த கட்டம் போட்ட பருத்தித் துணி. "டேய், இது நம்ம கைலித் துணியில்ல? இத ஏன் தலையில கட்டியிருக்காங்க?" அதற்கு இங்கே பெயரே மெட்ராஸ்தான். நம் கடற்கரையில் நெய்து கப்பலேறிய துணி இந்தத் தீவுகளின் விழாக்கால உடுப்பாகி, இன்றைக்கு மேசை விரிப்பிலிருந்து குழந்தையின் பொம்மை வரைக்கும் அதுதான். அம்மா துணியின் ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, சாயம் போகும் என்று தீர்ப்புச் சொன்னார்.

துணி மட்டுமா போனது. அடிமை முறை ஒழிந்து ஆறு வருடம் கழித்து, 1854 டிசம்பர் 24 அன்று, ஓரெலி என்ற கப்பல் இந்தியக் கூலிகளின் முதல் கூட்டத்தை இந்தத் தீவின் துறைமுகமான புவாந்த்-ஆ-பித்ரில் இறக்கியது. அடுத்த முப்பத்தைந்து வருடத்தில் சுமார் 42,000 பேர், ஐந்து வருட ஒப்பந்தத்தில், கரும்பு வெட்ட. அதில் பெரும் பங்கு எங்கள் காரைக்காலும் பாண்டிச்சேரியும் ஏற்றி அனுப்பிய கப்பல்கள். மொழி போய்விட்டது. பெயர் நின்றது. சேன் பிரான்சுவாவின் மேயராக இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தவர் பெயர் எர்னஸ்ட் மூத்துசாமி. மாரியம்மன் மால்யேமென் ஆகிவிட்டாள், மதுரைவீரன் மல்தேவிலன். ஆட்டுக்கறிக் குழம்புக்கு கொலம்போ என்று பெயர். அம்மா அதைச் சாப்பிட்டுவிட்டு, "கொத்தமல்லி இருக்கு, மஞ்சள் இருக்கு, வெந்தயம் இருக்கு. மொளகாதான் வழியிலயே கடல்ல விழுந்துடுச்சு" என்றார்.

அங்கேதான் தேங்காய் சொர்பே, அதாவது கையால் சுற்றி உறைய வைக்கும் ஐஸ், விற்கும் ஒரு அம்மாளைப் பார்த்தோம். மரத்தொட்டிக்குள் உலோக டப்பா, இரண்டுக்கும் நடுவே ஐஸும் கல் உப்பும், கையால் சுற்றும் கைப்பிடி. அவருக்கும் சாமியில் முடியும் பெயர்தான். அம்மாவின் புடவையைப் பார்த்ததும் சுற்றுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். என் மனைவியின் வழியாக இருவரும் கால் மணி நேரம் பேசினார்கள். தன் பாட்டி அமரேஸ் வேலை பார்த்தவர் என்று சொன்னார். அமரேஸ் என்றால், ஆண்கள் வெட்டிப் போடும் கரும்பைப் பின்னாலேயே போய்க் கட்டுக் கட்டும் பெண். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை, காலில் இரண்டு சுற்றுத் துணி, தலையில் துணி, அதற்கு மேல் தொப்பி. கரும்புத் தோகை பட்டால் சதை கிழியும் அல்லவா. "எங்க பாட்டி மேல துணி இல்லாத இடம்னா அது மூஞ்சி மட்டும்தான்" என்றார். நான் எதையோ யோசித்து, தரார் பற்றி உங்கள் ஊர்க்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தணிந்த குரலில் பிரெஞ்சில் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். அது அவர்கள் சமாச்சாரம், எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகத்தான் துணி சேர்க்கத் தெரியும் என்றார். அம்மா, "என்னா கேட்ட?" என்றார். "தேங்காய் என்ன விலைன்னு கேட்டேன்."

இதை அப்போது சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன். பிறகு யோசிக்கும்போது அது அவ்வளவு சிரிப்பான பதில் இல்லை. கழற்றிப் போடுவது சுதந்திரமாகத் தோன்ற வேண்டுமென்றால், போட்டுக்கொள்வதை யாரும் எந்தக் காலத்திலும் உனக்குத் தடுத்திருக்கக் கூடாது. தெற்குத் திருவிதாங்கூரில் தோள்சீலை போடும் உரிமைக்கு 1859 வரை அடிவாங்கிப் போராட வேண்டியிருந்தது. கொலம்பஸ் 1492-இல் இந்தப் பக்கத்துத் தீவுகளில் முதலில் இறங்கியபோது, இங்குள்ளவர்கள் தாய் பெற்ற கோலத்தில் இருப்பதாகத்தான் குறிப்பு எழுதினார், அடுத்து அவர்களை நல்ல வேலைக்காரர்களாக்கலாம் என்றும் எழுதினார். தராரில் நான் பார்த்தவர்கள் அநேகமாக எல்லாரும் ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளைக்காரர்கள்தான். பிரான்சில் 1950-இலேயே மோந்தாலிவேயில் இதற்கென்று முகாம் அமைத்தவர்கள் அவர்கள், அவர்களுக்கு இது மூன்று தலைமுறைப் பழக்கம். வடக்கே சேன் மார்த்தேன் தீவின் ஓரியன்ட் விரிகுடாவில் இதற்கென்றே ஒரு பெரிய விடுதி இருந்தது, 2017 செப்டம்பரில் இர்மா புயல் அதை உருத்தெரியாமல் ஆக்கிவிட்டுப் போனது. சரி, எங்கோ போகிறேன். நான் சொல்ல வந்தது அம்மாவைப் பற்றி.

ஆறரை மணி

நான்காம் நாள் காலை ஆறரைக்கு எழுந்து பார்த்தால் திண்ணையில் அம்மா இல்லை. நாற்காலியில் சால்வை மடித்து வைத்திருந்தது. செருப்பும் இல்லை, நாய்களில் ஒன்றும் இல்லை. நான் நைட் பேண்ட்டோடு ஓடினேன். சாலையைக் கடந்து வடக்கே ஒரு மண் பாதை இறங்கியது. இரண்டு பக்கமும் புதர். சில மரங்களில் இடுப்பு உயரத்துக்குச் சிவப்புச் சாயம் வளையமாகப் பூசியிருந்தது. அது மான்செனிய மரம். பழம் சின்ன ஆப்பிள் மாதிரி அழகாக இருக்கும், கடித்தால் வாயெல்லாம் வெந்துபோகும், மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால்கூட சொட்டும் தண்ணீர் தோலைக் கொப்பளிக்க வைக்கும். அம்மாவுக்கு இதைச் சொல்லி வைக்கவில்லையே என்று பதறிக்கொண்டு போனேன். பாதையின் முடிவில் அந்தப் பலகை. படிக்க அவசியமில்லாத பலகை.

சின்ன விரிகுடா, கைக்குள் அடங்குவது போல. வெயில் அப்போதுதான் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. மணலில் ஏழெட்டுப் பேர். ஒருவர் துண்டை விரித்துப் படுத்திருந்தார், ஒரு ஜோடி தண்ணீரோரம் நடந்துகொண்டிருந்தது. யார் மேலும் நூல் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, உடனே எதிரே கடலுக்கு அப்பால் இருந்த லா தெசிராத் தீவைப் பார்க்க ஆரம்பித்தேன். கவிழ்த்து வைத்த படகு மாதிரி நீளமாக இருக்கும். அதை அவ்வளவு ஆர்வமாகப் பார்த்த சுற்றுலாப் பயணி வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். தீவைப் பார்த்தபடியே ஓரக்கண்ணால் புடவையைத் தேடினேன்.

புடவை தண்ணீரில் இருந்தது. முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா நின்றுகொண்டிருந்தார். அவருடைய வலது கையைப் பிடித்தபடி ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, எண்பதுக்குக் குறையாது. இடுப்பில் அறுவைச் சிகிச்சைத் தழும்பு, ஒரு கால் சரியாக ஊன்றவில்லை. அலை பெரிதில்லை, ஆனால் திரும்பிப் போகும் தண்ணீர் காலடி மணலை இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் பாட்டி தள்ளாட, அம்மா பாதத்தை அகட்டி வைத்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாட்டி என்னவோ பிரெஞ்சில் சொல்ல, அம்மா "வீ, வீ" என்றார். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா. அம்மாவின் பிரெஞ்சு முழுக்க அப்பாவின் நண்பர்களுக்குக் காபி கொடுத்துக் கற்றது. இருபது வார்த்தை தேறும்.

"டேய்!" என்னைப் பார்த்துவிட்டார். "அங்க என்னா நிக்கிற? வா, இவங்களோட அந்தக் கையப் புடி. இடுப்புத் தண்ணி வரைக்கும் போவணுமாம்."

சுற்றிலும் எட்டுப் பேர் துணியில்லாமல் இயல்பாக இருக்க, சட்டையும் பேண்ட்டும் போட்ட ஒரே ஆண்பிள்ளை நான், காது வரை சிவந்து போய் நின்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். பாட்டி "மெர்சி, மிஸ்யே" என்று கையை நீட்டினார். தீவைப் பார்த்தபடியே அந்தக் கையை வாங்கினேன். முழங்கையா மணிக்கட்டா என்றுகூடத் தெரியவில்லை, ஏதோ ஒரு இடத்தில் பிடித்தேன். இரண்டு அடி நடந்திருப்போம், அடுத்த இழுப்பில் பாட்டி என் பக்கமாகச் சரிந்தார், என் பிடி வழுக்கியது. அம்மா சட்டென்று அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்து நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மூஞ்சிய அங்க வச்சுக்கிட்டு கைய மட்டும் இங்க குடுத்தா எப்புடிப்பா? பாத்துப் புடி."

திட்டவில்லை. குரல் உயரவில்லை. ஆனால் எனக்குக் கடல் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது.

கிணற்றடி

அந்த வார்த்தையை அம்மா எனக்கு இரண்டு வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு, மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு காரைக்கால் போனேன். பின்கட்டில் கிணற்றடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அம்மாதான் அவரைக் குளிப்பாட்டுவார். வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஒரு பக்கம் பிடித்துக்கொள்வார். நான் போய் மூன்றாம் நாள் அந்த அக்கா வரவில்லை. "ஒரு கை புடிப்பா" என்று அம்மா கூப்பிட்டார். போனேன். அப்பாவின் அக்குளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டுத் தென்னை மரத்தைப் பார்த்தேன். எனக்கு நினைவு தெரிந்து அப்பாவை நான் சட்டையில்லாமல் பார்த்திருக்கிறேன், வேட்டியில்லாமல் பார்த்ததில்லை. அந்த மரத்தில் எத்தனை குலை என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், நான்கு. சோப்பு நுரையில் என் கை நழுவியது. அப்பா நாற்காலியின் விளிம்பில் சரிந்தார். அம்மா தாங்கிப் பிடித்துவிட்டார், அடி ஒன்றும் படவில்லை.

அதற்குப் பிறகு அப்பா ஒரு காரியம் செய்தார். விழாத கையை, இடது கையை, மெதுவாக நீட்டி, நாற்காலிச் சாய்வில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அம்மாவுக்கு முன்னாலோ அந்த அக்காவுக்கு முன்னாலோ அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. மறுநாள் நான் கிணற்றடிக்குப் போனபோது குழறலாக, "வேணாம், வேணாம்" என்றார். மூப்புக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. ஐந்து மாதம் கழித்துத் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது, குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். எல்லாரும் சேர்ந்து அந்த வேலையை எனக்கு மிச்சம் வைக்காமல் முடித்திருந்தார்கள்.

அம்மா தராரில் அதை மனதில் வைத்துத்தான் சொன்னாரா என்று தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அன்று தண்ணீரில் நின்று பாட்டியைப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே, தோல் தளர்ந்து நரம்பு நீலமாக ஓடிய இடத்தில் பிடித்தேன். அடுத்த அலைக்கு அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பது தோளைப் பார்த்தால் முன்கூட்டியே தெரிந்தது. பார்க்காமல் இருந்திருந்தால் தெரிந்திருக்காது. இடுப்புத் தண்ணீர் வந்ததும் எங்கள் இரண்டு பேரின் கையையும் விட்டுவிட்டு, மல்லாந்து, அவ்வளவு கனமில்லாமல் மிதந்தார். என் பேண்ட் தொடை வரை நனைந்திருந்தது.

திரும்பி வரும் வழியில் அம்மாவிடம், உனக்கு ஒரு மாதிரியாக இல்லையா என்று கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "அவங்க குளிக்க வந்திருக்காங்க. குளிக்கிறவங்களப் போயி என்னா பாக்குறது?" என்றார். கொஞ்சம் முன்னால் பாத்துப் புடி என்றவரும் இவர்தான். அப்புறம் நடந்துகொண்டே அவருடைய பாட்டியைப் பற்றிச் சொன்னார். திருநள்ளாறு பக்கம் கிராமம், கடைசி வரைக்கும் ரவிக்கை போடாமல் இருந்தவர், கல்யாணத்துக்குப் போனாலும் புடவைத் தலைப்புதான். பேத்திகள் கட்டாயப்படுத்தி ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்ததற்கு, மூச்சு முட்டுது என்று கழற்றி மாட்டு மேல் போட்டுவிட்டாராம். என் அம்மா நான்கு பேருக்குப் பிள்ளைப்பேறு பார்த்தவர், மாமியாரை மூன்று வருடம் படுக்கையில் வைத்துக் கழுவித் துடைத்தவர், தெருவில் எந்தப் பெண் செத்தாலும் குளிப்பாட்டக் கூப்பிடுவார்கள். அவருக்குத் துணியில்லாத உடம்பு என்றால் யாரோ ஒருவருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அர்த்தம். நான் எதை நினைத்து ஒரு வாரம் வழியை மறைத்தேன் என்பதை அவரிடம் விளக்கிச் சொல்ல எனக்குத் தமிழிலும் வார்த்தை கிடைக்கவில்லை.

மிச்சமிருந்த மூன்று நாளும் காலையில் தரார்தான். பாட்டி லியோனிலிருந்து வந்தவர், கணவர் கொஞ்சம் மேலே திராட்சை மரம் என்று இங்கே சொல்லும் கடலோர மரத்தின் நிழலில் எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பார். அம்மா ஒரு நாளும் புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றவில்லை, அவரை அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. நான் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டதோடு சரி. என் மனைவி என்ன செய்தாள் என்பது அவள் எழுத வேண்டிய கட்டுரை.

கிளம்புவதற்கு முந்தைய நாள் சந்தையில் அம்மா ஒன்றரை மீட்டர் மெட்ராஸ் துணி வாங்கினார், பேரம் பேசி இரண்டு யூரோ குறைத்து. சாயம் போகும் என்றாயே என்றேன். "எனக்கு இல்ல. அந்தம்மா குளிச்சிட்டு ஈரத்தோடவே நிக்கிறாங்க, நெஞ்சுல சளி கட்டிக்கும்." கடைசி நாள் காலையில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சுற்றிக் கட்டிக்கொள்ளச் சொல்லித் தன் மார்பையும் இடுப்பையும் காட்டிச் சைகை செய்தார். பாட்டி துணியை இரண்டு கையாலும் விரித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். கட்டங்களின் நிறம் அவர் முகத்தில் விழுந்தது. அப்புறம் அதை முக்கோணமாக மடித்து, சந்தைப் பெண்கள் கட்டுவது போலவே முன்பக்கம் முனை நிமிர்ந்து நிற்கும்படி தலையில் கட்டிக்கொண்டார். வேறு ஒன்றுமில்லை, அது மட்டும்தான். அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்த முடியவில்லை, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டும் நிற்கவில்லை. பாட்டிக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. சிரித்தபடியே கடலைப் பார்த்துத் திரும்பி நின்று, இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் நீட்டினார். இடது கை என் பக்கம் இருந்தது.